பாவாடை நாடாவும் என் பெயரும்

ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் ரயில் மாதிரி நீளமானது. பாதிரியாரைத் தவிர யாரும் அதை முழுதாகச் சொன்னதில்லை. வீட்டில் சில்வி. எனக்கு ஒன்பது வயதானபோது பெங்களூரில் முன்பின் தெரியாதவர்கள்கூட அந்தப் பெயரைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட இல்லை. பாவாடைக்கு நாடா கோர்க்க.

எல்லாம் அப்பாவால் வந்தது. தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு, ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கையால் இழுத்து ஓட்டும் பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். அதில் என்ன செய்வது என்று யோசிப்பதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார் என்பது அம்மாவின் நிரந்தரக் குற்றச்சாட்டு. அதற்கான பதிலும் அம்மாவிடமிருந்தே வந்தது. ஒரு ஞாயிறு, பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மாவின் உள்பாவாடை நாடா உருவிக்கொண்டது. ஊக்கில் குத்திக் கோர்க்கப் பார்த்தார். பாதி வழியில் ஊக்கு திறந்துகொண்டு துணிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அன்று அம்மா திட்டியது ஊக்கையா அப்பாவையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் அப்பா ஒரு கிளிப்பச்சைக் குச்சியைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தார். விரல் நீளம், தட்டை, முனை மழுங்கல், பின்பக்கம் நாடாவைக் கவ்விக்கொள்ள இரண்டு பல். நடுவில் என் பெயர் புடைத்திருந்தது.

அது ஓடியது. பெயரை முறைப்படி பதிவு செய்து, சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹாலில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டினார் அப்பா. வருகிறவர்கள் எந்தப் படத்தை முதலில் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் கவனிப்பார்.

இரண்டே வருடத்தில் தையல்கடைகளிலும் வளையல்கடைகளிலும் அந்தக் குச்சிக்கு வேறு பெயர் இல்லாமல் போனது. கன்னடத்துப் பெண்கள் ‘ஒந்து சில்வி கொடி’ என்று ஒன்று தரச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். ‘நாடா போயிடுச்சா? சில்வி போட்டு இழு’ என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். வகுப்பில் என்னை ‘பாவாடை நாடா’ என்று கிண்டல் செய்ததும் உண்டுதான். “உன் பேரைச் சொல்லி யாராச்சும் கடையில கேக்கறாங்களா?” என்று நான் திருப்பிக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அப்போது இருந்த திமிரை வைத்து இன்னொரு மெஷின் ஓட்டியிருக்கலாம்.

அப்போதுதான் பெரிய கம்பெனி ஒன்று அதே மாதிரிக் குச்சியைப் பளபளப்பான அட்டையில் வைத்து விற்க ஆரம்பித்தது. அட்டையின் மேல் கொட்டை எழுத்தில் ‘சில்வி’. அப்பா அதை வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

“எம் பொண்ணு பேரை அவன் அட்டையில ஒட்டிக்குவானா? விடமாட்டேன்” என்றார்.

வழக்குப் போட்டார். பெயர் போனால் ஷெட் தாங்காது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. அம்மா நவநாள் ஜெபம் ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை. அப்பா சரக்கு போட சிக்பேட்டைக்குப் போயிருந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். தோளில் கேமராவும் கையில் ஃபைலுமாக ஒருவர் வந்தார்.

“பாப்பா, இங்க சில்வி எங்க கிடைக்கும்?”

“நான்தான் அங்கிள் சில்வி.”

அவர் சிரித்துவிட்டார். “அது இல்லம்மா. நாடா கோர்க்கறது.”

“அதுவும் நான்தான். எங்கப்பாதான் செஞ்சாரு” என்றேன். அவர் ஃபைலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அப்ப உனக்கு எல்லாக் கடையும் தெரிஞ்சிருக்குமே” என்றார்.

தெரியுமாவா? முன்னால் நடந்தேன். முதலில் தையல்கார பாய் கடை. “பாய், சில்வி இருக்கா?” என்றதும் அவர் டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். அது எங்களுடையதில்லை, கம்பெனிக் குச்சி. “எதுவா இருந்தா என்னா? சில்வின்னா சில்விதான்” என்றார் பாய். அடுத்தது வளையல்கடை அக்கா. “எஷ்டு சில்வி பேகு?” என்று எத்தனை வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கேட்டு, மூன்று விதமான குச்சிகளை எடுத்து வைத்தாள். மூன்றும் சில்வி. இப்படி எட்டுக் கடை. வந்தவர் எழுதிக்கொண்டே வந்தார், படம் எடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

“அங்கிள், எங்க அம்மா கம்பியில கோர்த்தாக்கூட சில்வி போடறேன்னுதான் சொல்லுவாங்க” என்று கேட்காத தகவலையும் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொண்டு, ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சில வாரங்கள் கழித்து எங்கள் வக்கீல் கோர்ட்டிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அப்பா அதைப் படித்துக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

“நீயாம்மா அவரைக் கூட்டிட்டுப் போன?”

“ஆமாப்பா. எட்டுக் கடை. எல்லாரும் சில்வின்னுதான் சொன்னாங்க.”

“ஒருத்தர்கூட வேற பேரு சொல்லலையா?”

“ஒருத்தர்கூட இல்லப்பா.”

அப்பா என் தலையில் கை வைத்தார். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“உங்க பேரு ஜெயிச்சிடுச்சு சார்...” என்று வக்கீல் ஆரம்பித்தார். எனக்கு அது போதும். மீதியைக் கேட்க நிற்காமல் தெருவுக்கு ஓடி, கேஸ் ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து அப்பா டிபன் டப்பாவோடு மறுபடி ஷிப்டுக்குப் போனார். மெஷின் ஞாயிறு மாலையில் மட்டும் ஓடியது. ஜெயித்தவர் ஏன் வேலைக்குப் போகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஹாலில் புதிதாக இன்னொரு சட்டம் வந்திருந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். அதைச் சான்றிதழுக்கும் மேலே, திருஇருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார் அப்பா. ஆண்டவர் கோபித்துக்கொள்வார் என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் ஒரு நாள் அந்தப் பக்கத்தை உட்கார்ந்து படித்தேன். அன்று கேமராவோடு வந்தவர் பெரிய கம்பெனிக்காகக் கோர்ட்டில் கொடுத்த வாக்குமூலம் அது. யார் செய்த குச்சியானாலும் பெங்களூரில் ஜனங்கள் அதைச் சில்வி என்றே அழைக்கிறார்கள், ஆகவே அது பொதுச்சொல், யாருக்கும் தனிச்சொத்து ஆகாது என்று எழுதியிருந்தது. வழக்குப் போட்டவரின் மகளே தன்னைக் கடைகடையாக அழைத்துச் சென்று இதை நிரூபித்தாள் என்றும் இருந்தது. அந்த வரியின் கீழே அப்பா பென்சிலால் கோடு போட்டிருந்தார். வக்கீல் அன்று சொல்லவந்த மீதியும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெயர் ஜெயித்ததால்தான் வழக்கு தோற்றது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவள் நான். நாங்கள் ஜெயித்த கேஸ் இது என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் காட்டியிருக்கிறேன். அப்பா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு முறைகூட அவர் இல்லை என்று சொன்னதில்லை.