வெட்டாத ஒலிப்பதிவு

ஜேர்மனியின் எசன் நகரில் பேருந்து ஓட்டும் டக்ளசுக்கு ஒரு விசர் உண்டு. இங்கிலாந்துக்காரர் வாசிக்கும் புளூஸ் இசை என்றால் உயிர். அதுவும் மேடையில் வைத்துப் பிடித்த பதிவாக இருக்க வேண்டும். ஸ்ரூடியோவில் கழுவித் துடைத்து எடுத்ததைச் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார். கிட்டார்க்காரன் ஒரு இடத்திலாவது சறுக்க வேண்டும், பாடுகிறவன் மூச்சு வாங்க வேண்டும், பின்னால் யாராவது கிளாசைப் போட்டு உடைக்க வேண்டும். “உண்மையா ஆக்கள் இருந்தவை எண்டு அப்பதானே தெரியும்” என்பார்.

“கிளாஸ் உடையிறதைக் கேக்கவோ இந்தப் பாடு? குசினிக்கு வாங்கோ, நான் உடைச்சுக் காட்டுறன்” என்பாள் மனைவி ஜசிந்தா.

அவரே பிடித்த பதிவு ஒன்றும் உண்டு. தொண்ணூற்றிரண்டில், அகதி முகாமில் ஒரே அறையில் இருந்த சந்திரமௌலியோடு, லண்டனில் இருந்து வந்த ஒரு குழுவைக் கேட்கப் போனார். ஊருக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பும் ரேப் ரெக்கோடர் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. கிட்டார் உச்சிக்குப் போன நேரம் பார்த்து, “அடி ராசா, அடி!” என்று சந்திரமௌலி கத்தித் தொலைத்தார். நல்ல இடத்தைப் பாழாக்கினாய் என்று டக்ளஸ் வருடக்கணக்காய் ஏசினார்.

பிறகு வந்தது எசன் தமிழ்ச் சங்கம். ஆண்டுவிழாவில் பாடுகிறவர்களுக்குப் பின்னால் ஆட்கள் இருந்து வாசிக்க வேண்டும் என்றார் டக்ளஸ். கரோக்கி போதும் என்றார் தலைவர் சந்திரமௌலி. அட, இதுவும் ஒரு சண்டையா! ஆனால் சங்கம் இரண்டாகி, இருவரும் பதினொரு வருடம் முகம் பார்க்கவில்லை.

போன மாசியில் ஜசிந்தா தமிழ்க் கடையில் இருந்து ஓடி வந்தாள்.

“இஞ்சேருங்கோ, சந்திரமௌலி அண்ணைக்குத் தொண்டையிலை புற்றுநோயாம். வியாழக்கிழமை ஒப்பரேசன். குரல்வளையை எடுக்கினமாம். பிறகு அவருக்குக் கதைக்க ஏலாது.”

டக்ளஸ் பழைய கசற்றைத் தேடிப் போட்டார். “அடி ராசா, அடி!” இருபத்தைந்து வயதுக் குரல். கிட்டார் அவருக்குக் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை அவர் போய் மணியை அடித்தார். சந்திரமௌலியின் மனைவி சுஜீவா கதவைத் திறந்து, திகைத்து, வழிவிட்டாள். கழுத்தில் சால்வையோடு இருந்தவருக்கு முன்னால் டக்ளஸ் புதுக் கசற் போட்ட ரேப் ரெக்கோடரை வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

“என்னடா இது?” குரல் கரகரத்தது.

“பதினொரு வருசமா என்னை ஏச நினைச்சதெல்லாம் ஏசு. ஒண்டையும் வெட்டமாட்டன்.”

“விசரா” என்று தொடங்கினார் சந்திரமௌலி. சங்கத்தை உடைத்தது, மகளின் கல்யாணத்துக்கு வராதது, சந்தையில் கண்டும் காணாமல் போனது, ஒன்றையும் விடவில்லை. இருமி இருமி, தண்ணீர் குடித்துக் குடித்து ஏசினார். அரை மணித்தியாலம் கழித்துக் குரல் உடைந்தது.

“எனக்குத்தான் தலைக்கனம். நீயெண்டாலும் வந்திருக்கலாமே, மச்சான்.”

“இப்ப வந்திட்டன் தானே” என்று டக்ளஸ் சொன்னதும் அந்தக் கசற்றில் இருக்கிறது. இருவரும் அழுததும் இருக்கிறது.