மூன்று சதவீதம்

கோ விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கறுப்பு, வெள்ளைக் கற்களைப் பலகையில் மாறி மாறி வைத்து இடம் பிடிக்க வேண்டும். இதில் எரிச்சல்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பொம்மசந்திராவில் மாமா வேலை பார்த்த தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பான் இன்ஜினியர், ஊர் திரும்பும்போது தன் கோ பலகையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சந்தாபுராவில் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தோற்றுவிட்டு வருவது என் வழக்கமாயிற்று. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. சுமாராக ஆடுகிறவன் கறுப்பு எடுப்பது முறை. ஆகவே எனக்கு எப்போதும் கறுப்புதான்.

இதற்கு நடுவில் டேப்லெட்டில் ஒரு புரோகிராம் வந்து சேர்ந்தது. நாங்கள் வைக்கும் ஒவ்வொரு கல்லையும் அக்கா அதில் தட்டிக்கொண்டே வருவாள். ஆட்டம் முடிந்த பிறகுதான் திரையைப் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தச் சனியன் எதையும் விளக்காது. தன்னோடு தானே லட்சக்கணக்கில் ஆடிக் கற்றுக்கொண்டதாம். இந்த நிலையிலிருந்து ஆட்டம் எப்படியெல்லாம் போகலாம் என்று தனக்குள் ஆடிப் பார்த்து, ஜெயிக்க வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று ஓர் எண்ணைக் கக்கும். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. எவ்வளவில் ஜெயிக்கிறோம் என்பதும் அதற்குப் பொருட்டில்லை. கடைசி நேரத்தில் அரைப் புள்ளி முன்னால் இருந்தாலே தொண்ணூற்றேழு கொடுத்துவிடும். அரை மணி நேரம் யோசித்து நான் வைத்த கல்லுக்கு எட்டு சதவீதம் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமாவுக்குப் புனேவுக்கு மாற்றலாயிற்று. கடைசி ஞாயிறு. "இன்னிக்கு நீ வெள்ளை எடு மச்சான், சமமா ஆடலாம்" என்றார். இன்றைக்கு விட்டால் இனி எப்போது ஜெயிப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். முடியும் தறுவாயில் யார் முன்னால் இருக்கிறோம் என்று எண்ண எண்ணக் குழம்பியது. "ஆயித்தா?", முடிந்ததா என்று மாமா தொழிற்சாலைக் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரும்பி வரும்போது அக்காவின் தோளுக்குப் பின்னால் கண் தானாகப் போயிற்று என்று எழுத ஆசைதான். நானேதான் எட்டிப் பார்த்தேன்.

மூன்று சதவீதம்.

மனசு விட்டுப்போயிற்று. உட்கார்ந்து இரண்டு கற்களை எடுத்துப் பலகை ஓரத்தில் வைத்தேன். தோல்வியை ஒப்புக்கொள்ளும் முறை அது.

அக்கா பதறிப்போனாள். "ஏண்டா விட்டுக்கொடுத்தே? கறுப்புக்கு மூணுதான்டா காட்டுது. நீ வெள்ளை இல்ல?"

அந்தப் பாழாய்ப்போன எண் எப்போதுமே கறுப்புக்கு உரியது. மூன்று வருஷம் கறுப்பாகவே இருந்து பழகிய புத்தி, அது என்னுடையது என்றே எடுத்துக்கொண்டது.

மாமா டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். வெள்ளை அரைப் புள்ளி முன்னால். என்னை நிமிர்ந்து பார்த்தார். திருட்டுத்தனமாகப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் ஊரை விட்டுப் போறேன்னு விட்டுக்கொடுத்தியா மச்சான்?"

இப்போது சொந்தக்காரர் யார் போன் பண்ணினாலும் புனேவிலிருந்து மாமா சொல்வது இந்தக் கதைதான். போன வாரம் ஓசூர் அத்தை கூப்பிட்டு, பெரிய மனசுப்பா உனக்கு என்றாள். சரிங்க அத்தை என்றேன். உண்மையைச் சொன்னால் மாமாவுக்கும் அந்த ஞாயிறு போய்விடும். எனக்குத்தான் அன்றைக்கே போய்விட்டது.