மாமன் மடியும் மதிய மணியும்

என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து சென்ற வாரம் கைபேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. பிள்ளைகளை முதல் மணிக்கு முன்பே கொண்டுவந்து விட வேண்டும்; குடும்ப விசேஷங்களுக்கு விடுப்பு கேட்கக் கூடாது; பள்ளி நேரத்தில் பிள்ளையை அழைத்துப் போவதென்றால் பெற்றோர் நேரில் வர வேண்டும். படித்ததும் கை தானாகக் காதைத் தொட்டுப் பார்த்தது.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே உள்ள எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அப்போது நான் நான்காம் வகுப்பு. தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். அந்த ஆண்டு ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அது அவருடைய மேசைமேல், மூடியில் ஒட்டிய காகிதம்கூடப் பிரிக்கப்படாமல், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. பொங்கல் கழிந்தும் வகுப்பில் ஒருநாளும் தவறாமல் வந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

பெரிய டீச்சரின் கண்டிப்பு பிள்ளைகளோடு நிற்கவில்லை. தாமதமாக வரும் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ மறுநாள் காலை வழிபாட்டில் பிள்ளைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒருமுறை எங்கள் ஊர்ப் பெரிய பண்ணையக்காரர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொடிவணக்கம் முடியும்வரை நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சித்தப்பன், மாமன் என்று யாராவது வந்து பிள்ளைகளைக் கோயில் நோன்பிக்கு அழைத்துப் போவதும் நின்றுபோனது. பள்ளியில் சேர்க்கும்போது யார் கையெழுத்துப் போட்டாரோ அவரே நேரில் வர வேண்டும் என்பது சட்டம்.

இந்த நிலையில்தான் எனக்குக் காதுகுத்து வைத்தார்கள்.

அந்த வயதில் காதுகுத்து என்பது மிகவும் தாமதம். வகுப்பில் எல்லாப் பெண்களும் தோடு போட்டிருக்க, நான் மட்டும் மூளிக்காதோடு போய்வந்தேன். நல்ல நாள் அமையவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். அமையாமல் போனது நாள் அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். என் அம்மாவின் அண்ணனும் அப்பாவும் பேசிக்கொண்டு பல வருடங்கள் ஆகியிருந்தன.

சண்டை மாமாவின் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளைக்கு அருகில் அவன் உடன்பிறந்தவளை உட்காரவைத்து இணைச்சீர் செய்வது எங்கள் வழக்கம். அது அம்மா உட்கார வேண்டிய இடம். லாரி ஓட்டப் போயிருந்த அப்பா லோடு இறக்கிவிட்டு வரத் தாமதமாகிவிட்டது; அவரில்லாமல் போகமாட்டேன் என்று அம்மாவும் காத்திருந்தாள். கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு இருவரும் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, மாமாவின் பெரியப்பா மகள் ஒருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மணையில் இருந்தபடியே மாமா, “நேரம் யாருக்காகவும் நிக்காதுங்க மாப்ளை” என்றாராம். அப்பா சாப்பிடாமல் திரும்பிவிட்டார். உறவுக்காரர்கள் நடையாய் நடந்துதான் இந்தக் காதுகுத்துக்கு இருவரையும் சம்மதிக்க வைத்தார்கள்.

அது என்ன கிழமை என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் ஒற்றுமை இல்லை. அப்பா வெள்ளி என்கிறார், அம்மா புதன் என்கிறாள். அன்று சத்துணவில் முட்டை போட்டார்கள் என்பது எனக்கு நிச்சயம். எங்கள் பள்ளியில் முட்டைக்குப் புதன்கிழமைதான். மேலும் உச்சிப்பொழுதில் ராகுகாலம் வந்தது. முட்டை, ராகுகாலம் இரண்டும் அம்மா பக்கமே சாட்சி சொல்கின்றன.

காலையில் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து என்னை உட்காரவைத்தார்கள். மாமா சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார். “மாப்ளையக் காப்பி குடிக்கச் சொல்லும்மா” என்று தன் தங்கையிடம் சொன்னார். அப்பாவோ, “உங்கண்ணன மொதல்ல குடிக்கச் சொல்லு” என்றார். இரண்டு தம்ளரையும் கையில் வைத்துக்கொண்டு அம்மா நடுவில் நின்றாள். பள்ளியின் முதல் மணிச் சத்தம் காதில் விழுந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு புழக்கடை வழியாக ஓடினேன்.

பட்டுப்பாவாடையோடு வந்தவளைப் பெரிய டீச்சர் ஏற இறங்கப் பார்த்தார். வருகைப் பதிவு முடிந்து கணக்குப் பாடம் நடக்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வெள்ளை வேட்டி சட்டையில் மாமா.

“புள்ளைய அனுப்புங்க டீச்சர். நேரமாச்சுங்க.”

“நீங்க யாருங்க?”

“மாமனுங்க. தாய்மாமன்.”

“சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவர் வரணுமுங்க.”

“காது குத்தறதே எம்பட மடியிலதானுங்க!”

“அது உங்க ஊட்டுச் சட்டம். இது பள்ளிக்கூடத்துச் சட்டம்.”

மாமா சன்னல் வழியாக என்னைப் பார்த்தார். “சாமி, நீயாச்சும் சொல்லு சாமி. ஊரே உக்காந்திருக்குது.”

“டிபன் பாக்ஸ் போயிரும் மாமா” என்றேன். வகுப்பே சிரித்தது.

அதன்பின் வீட்டில் நடந்ததைச் சித்தி சொல்லக் கேட்டிருக்கிறேன். மாமா வண்டியை நிறுத்திவிட்டு, பந்தல் முழுக்க உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றாராம். நடுவில் அம்மா இல்லை. அவள் சமையல்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். “ஏனுங்க மாப்ளை, நீங்க வந்தாத்தான் உடுவாங்களாமுங்க” என்றிருக்கிறார். அப்பா தோள் துண்டைச் சரிசெய்து, கொஞ்சம் இருமி, “எங்க வண்டிய எலை வாங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க மச்சான்” என்றாராம். “எம்பட வண்டி எதுக்கு நிக்குது? ஏறுங்க.”

இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். அதில் எனக்கு ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. பெரிய டீச்சர் அப்பாவை வணங்கி, “புள்ளையை நேரத்துக்கு அனுப்பறதுல உங்களை நான் குறை சொன்னதே இல்லீங்க. ஆனா சாப்பாட்டு இடைவேளைக்குத்தான் உடுவேன். மதிய மணிக்குள்ள திரும்பி வந்துட்டா முழு நாளும் வந்ததாக் கணக்கு. மணி அடிக்கட்டும்” என்றார்.

முகூர்த்தம் அதற்குள் முடிந்துவிடும் என்று அப்பா மெல்லச் சொன்னார். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மைதானத்தில் ஒரு புங்கமரம் உண்டு. இருவரும் அதன் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். முதலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அப்பா ஏதோ கேட்டார். மாமா ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு கிழித்து ஏதோ காட்டினார். கிணறாக இருக்கலாம், வரப்பாக இருக்கலாம். அப்பா அதே குச்சியை வாங்கி இன்னொரு கோடு போட்டார். அடுத்தமுறை நான் பார்த்தபோது, மாமா கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். பாவம், ஓடாமல் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்தது. “என் முட்டையை எடுத்து வைக்கச் சொல்லுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பெட்ரோல் டேங்க்மேல் நான், நடுவில் மாமா, பின்னால் அப்பா. மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அப்பா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பந்தலில் ஊசியோடு ஆசாரி காத்திருந்தார். உறவில் மூத்தவர் ஒருவர் வாயைத் திறந்தார். “முகூர்த்தம் போயி ராகுகாலமே பொறந்தாச்சு. இன்னொரு நாள் பாத்துக்கலாமா?”

மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “வரவேண்டியவங்க வராம என்னங்க நேரம்? நேரம் நிக்கட்டுமுங்க.”

அம்மா சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “இன்னும் குத்தவே இல்லியே, அதுக்குள்ள எதுக்கம்மா அழறே?” என்று நான் கேட்க, அப்பா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மதிய மணிக்கு முன்பே, எரியும் காதுகளோடு வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். தட்டால் மூடி முட்டை வைத்திருந்தார்கள். டிபன் பாக்ஸ் மட்டும் கிடைக்கவில்லை. பங்குனியில் அம்மை போட்டுவிட்டது. பெரிய டீச்சரின் சட்டத்தில் மாரியம்மனுக்கும் விலக்கு கிடையாது.

ஆனால் அன்று எனக்குப் புரியாமல் போனது வேறொன்று. மாமா என்னை மடியில் உட்காரவைத்து, ஆடாமலிருக்க என் தலையைத் தன் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டார். சட்டைப்பை என் காதருகே வந்தது. உள்ளே கடிகாரம் டிக் டிக்கென்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற கடிகாரத்தை எதற்கு மாமா கழற்றினீங்க என்று கேட்க வாயெடுத்தேன். ஆசாரி ஊசியை இறக்கிவிட்டார்.