சாந்தோம் பட்டறையில் ‘உப்பு’ என்று ஒரு விஷம்

செங்கற்பட்டில் படம் பிடித்துப் பிழைக்கிறவன் நான். சென்னைக்குப் போய் வெள்ளி முலாம் பூசிக்கொண்டு வர யாரிடம் போகலாம் என்று என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. என் அக்கா செசிலியின் வீட்டுக்காரர் அந்தோணி சாந்தோமில் அந்தத் தொழில்தான் செய்து வந்தார். இந்தத் தவக்காலத்தில் நான் அங்கே போனது முலாம் பூச அல்ல. அக்கா கிணற்றடியில் மயங்கி விழுந்து பிழைத்தாள் என்று கார்டு வந்தது, அதற்காகப் போனேன்.

சாந்தோம் போகிறவர்கள் எழும்பூர் வரை போய்ச் சுற்ற வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் சாந்தோம் நாலு மைல் சொச்சம். ஜட்காக்காரர் பத்தணாவில் ஆரம்பித்து ஆறணாவுக்கு இறங்கினார். தியாகராய நகரில் பாதி வீடுகளுக்கு இன்னும் கூரை இல்லை, புழுதி மட்டும் தாராளம். ஆழ்வார்பேட்டை வந்தபிறகுதான் நிழல். “இன்னா நைனா, மூஞ்சிய இப்பிடி வெச்சிக்கினு கீறே?” என்று வண்டிக்காரர் கேட்டார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அதன்பிறகு குதிரையைக் கொஞ்சம் விரட்டியே ஓட்டினார். அதற்காக அரையணா சேர்த்துக் கொடுத்தேன்.

அக்கா பாயில் சாய்ந்திருந்தாள், முகம் வெளுத்து, விரல்கள் வெந்து. ஒருசந்தி இருந்து வெறும் வயிற்றில் வேலை செய்ததால் வந்த மயக்கம் என்றாள். அந்தோணி மாமாவும் அதையே சொன்னார். நானும் நம்பியிருப்பேன். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் குப்பம்மாள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு வேறு கதை சொன்னாள்.

“முலாமுக்கு வந்த கோவில் வெளக்குத்தண்டப் புளி போட்டுத் தேச்சிக்கினு இருந்திச்சிப்பா. உப்பு தீந்து போச்சின்னு பட்டறை டப்பாலேர்ந்து ஒரு சிட்டிகை எடுத்திச்சி. அப்பிடியே சாஞ்சிடிச்சி. நான்தான் சந்துக்கு இழுத்தாந்தேன்.”

அந்த டப்பாவில் இருப்பது சயனைடு. பார்க்கக் கற்கண்டை உடைத்துப் போட்டதுபோல் வெள்ளையாக இருக்கும். தண்ணீரில் கரையும், வெள்ளியையும் பொன்னையும் கரைத்துக் கொடுக்கும். முலாம் தொட்டி அதில்தான் ஓடுகிறது. என் தொழிலிலும் விரலில் ஏறிய வெள்ளிக் கறையைப் போக்க அதைத் தொட்டவர்கள் உண்டு. நான் அதைப் பூட்டி வைத்து, திராவகப் புட்டிகளை வேறு அறையில் வைக்கிறேன். காரணம், புளிப்பான எது பட்டாலும் அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும். திராவகம்தான் வேண்டும் என்றில்லை, புளித்தண்ணீர் போதும். கசப்பு வாதுமை வாசனை வரும் என்பார்கள், ஆனால் பல பேருடைய மூக்குக்கு அது தெரியவே தெரியாது. கிணற்றடியும் கடல் காற்றும் அக்காவைக் காப்பாற்றின.

பட்டறைகளில் அதற்கு உப்பு என்றே பெயர். புளியும் உப்பும் போட்டுப் பாத்திரம் துலக்காத பெண் நம் நாட்டில் உண்டா? அந்தப் பெயரை வைத்த மகானுக்கு வீட்டில் பாத்திரம் துலக்கிப் பழக்கமில்லை போலிருக்கிறது.

டப்பாவைப் பார்த்தேன். மண்டையோடு போட்ட சீட்டை மாமா சுரண்டி எடுத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். அவர் ஒன்றும் ஒளிக்கவில்லை.

“விஷம்னு எழுதி வெச்சிக்கினு இருந்தா சாமியாரு பூசைக் கிண்ணத்த என் கையில குடுப்பாரா மச்சான்?”

முலாம் பூசிக் கழுவிய பாத்திரத்தில் விஷம் நிற்பதில்லை, அதைச் சாமியாரிடமே சொல்லலாமே என்றேன். சொன்னால் யார் நம்புவார்கள் என்றார். நான் கறுப்பு மையை எடுத்து டப்பாவின் நாலு பக்கமும் ‘விஷம்’ என்று எழுதினேன். அக்கா எழுந்து வந்து ஈரத் துணியால் துடைத்தாள். வெந்த விரலாலேயே துடைத்தாள். செத்திருப்பாயே அக்கா என்றேன்.

“சாகலியே தம்பி. கடை போச்சின்னா எல்லாருந்தான் சாவணும்.”

என் அக்காவை அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பிரசங்கத்தில் சாமியார், ஒருசந்தியோடு பீடத்து விளக்குத்தண்டுகளைத் துலக்கி மயங்கி விழுந்த ஒரு பெண்ணைப் பற்றி உருகிப் பேசினார். பெயர் சொல்லவில்லை, ஆனால் கோவிலே திரும்பி அக்காவைப் பார்த்தது. அவர்மேல் குற்றமில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாமா கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்.

அந்தப் பிரசங்கத்தின் பலன் திங்கட்கிழமை காலையில் வந்தது. எஞ்சிய விளக்குத்தண்டுகளைத் துலக்கிப் புண்ணியம் தேட ஏழெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு புளி உருண்டையோடு வந்துவிட்டார்கள். வெயில் என்று கிணற்றடியை விட்டுப் பட்டறைக் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஒரு ஜன்னல்தான், அதிலும் சாக்கு. ஒருத்தி உப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டே டப்பாவுக்குக் கை நீட்டினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“அது உப்பு இல்லடி. விஷம். அதாலதான் நான் வுழுந்தேன். ஒருசந்தியாலே இல்ல. எல்லாரும் வெளிய போங்க.”

போனார்கள், விளக்குத்தண்டுகளையும் தூக்கிக்கொண்டு. ஒருத்தியும் நன்றி சொல்லவில்லை. போன வருஷம் முலாம் பூசிய தட்டில் பிள்ளைக்குச் சோறு போட்டேனே என்று ஒருத்தி அழுதாள். கழுவிய தட்டு ஒன்றும் செய்யாது என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் மற்ற வீட்டுச் சாமான்களும் திரும்பிப் போயின. மாமா அக்காவோடு பேசவில்லை. நான் கிளம்பும் வரை பேசவில்லை.

ஆகவே சாந்தோமில் அந்தோணி பட்டறையைத் தேட வேண்டாம், அது இப்போது இல்லை. வேறு இடத்துக்குப் போனால் வீட்டிலேயே துலக்கிக் கழுவிக் கொண்டுபோங்கள். பட்டறைக்குள் எலுமிச்சை, புளி, காடி எதுவும் எடுத்துப் போகாதீர்கள். வெற்றிலை போடாதீர்கள், கையில் புண் இருந்தால் எதையும் தொடாதீர்கள். சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர்கள் சயனைடைச் சமையலறைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், காற்றோட்டம் இல்லாத அறையில் தொட்டி வைக்காதீர்கள். யாராவது விழுந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே இழுத்துப் போட்டு டாக்டருக்கு ஆள் அனுப்புங்கள். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள்.

பாஸ்காத் திருநாளுக்கு விளக்குத்தண்டுகள் பளபளவென்று பீடத்தில் நின்றனவாம், அக்கா எழுதியிருக்கிறாள். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை முடிந்ததாம். அங்கேயும் அந்த விஷத்துக்கு உப்பு என்றுதான் பெயர். அங்கே துலக்குகிறவள் யாருடைய அக்காவோ.