சோர் பஜாரில் வாங்கிய புரோச்

தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது காலை ஏழு மணி. 1965 மே மாதம். சென்னையிலிருந்து மூன்றாம் வகுப்பில் இரண்டு இரவுகள் உட்கார்ந்து வந்த முதுகை, பம்பாய்ப் புழுக்கம் வந்து பிடித்துக்கொண்டது. புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: கடைசி நிலையமான வி.டி. வரை போக வேண்டாம். மாதுங்கா, தாராவி, செம்பூர்த் தமிழர்கள் எல்லாரும் தாதரிலேயே இறங்கிவிடுகிறார்கள். கூலி கேட்பது ஒரு ரூபாய், வாங்கிக்கொள்வது எட்டணா.

எதிர் இருக்கையில் வந்த பேச்சியம்மாள் தாராவிக்காரி. அவள் கணவர் சுப்பையா ஆசாரி அங்கே நகை வேலை செய்கிறார். வழியெல்லாம் அவளுடைய புளியோதரையைத்தான் நான் சாப்பிட்டேன். "ஒரு நாளு வீட்டுக்கு வாங்க டீச்சரம்மா. லேபர் கேம்ப்ல ஆசாரி வீடுன்னா யாரும் காட்டுவாக" என்று சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் திருச்சியில் பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. யாரும் அனுதாபப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் இனி வருவது விளங்காது. செம்பூர் மண்டபத்தில் நடக்கவிருந்த அண்ணா பெண் வசந்தாவின் கல்யாணத்துக்காக வந்திருந்தேன். அண்ணா வீடு மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடி. கீழே இறங்கினால் வாழையிலை, காபிப்பொடி, அப்பளம், மல்லிகைப்பூ எல்லாம் தமிழிலேயே கிடைக்கும். விலை மட்டும் பம்பாய் விலை.

வந்த அன்றே மன்னி காபியோடு என் இடத்தையும் சொல்லிவிட்டாள். "தாலி கட்டறச்சே நீ சாப்பாட்டு ஹால் பக்கம் பாத்துக்கோ ராஜி. மேற்பார்வைக்கு ஒருத்தர் வேணுமோல்லியோ."

சமையல்காரர்களுக்கு என் மேற்பார்வை எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வசந்தாவும் நானும் பஸ் பிடித்து பெண்டி பஜாரில் இறங்கி, சோர் பஜாருக்கு நடந்தோம். பெயர் திருட்டுச் சந்தை. கடிகாரம், கிராமபோன், கதவுப் பூட்டு, யாருடையதோ பல்செட்கூட விற்பனைக்கு இருந்தது. ஒரு தட்டில் குவிந்து கிடந்த பழைய சாமான்களில் அந்த புரோச் என் கண்ணில் பட்டது. உள்ளங்கையில் அடங்கும் வட்டம். வெள்ளியின்மேல் பொன் முலாம், சுற்றிலும் சிவப்புக் கெம்பு, நடுவில் கோலிக்குண்டு அளவுக்கு நீலக் கண்ணாடி, அடியில் தொங்கும் ஒரு முத்து, பின்னால் ஊசி. நீலமும் முத்தும் கெம்போடு பொருந்தவே இல்லை. ஒரு பார்ஸி அம்மாள் வீட்டுச் சாமான் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். வசந்தா ஹிந்தியில் அவரோடு மல்லுக்கட்டி, முப்பது ரூபாயைப் பதினெட்டுக்கு இறக்கினாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்தது என்று ஒன்றை எனக்காக வாங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மன்னி அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். "யார் மேல கெடந்ததோ" என்றாள். பிறகு தீர்ப்பும் சொன்னாள். "சரி, பொடவையக் குத்தற பின்தானே. டீச்சர்களெல்லாம் குத்திக்கறா. தோஷமில்லே."

மறுநாளே ஊசி உடைந்தது. மாதுங்கா நகைக்கடையில் வெளிச் சாமானைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பேச்சியம்மாளின் ஞாபகம் வந்தது. தாராவிக்குத் தனியாகவா போகப்போகிறாய் என்று அண்ணா கேட்டார். "திருச்சிலேர்ந்து தனியாத்தானே வந்தேன்" என்று கிளம்பினேன்.

சயான் பக்கம் போய்த் திரும்பினால் ஒன்றரை மைல் இருக்கும். மாலை நாலு மணி வெயில். தோல் பதனிடும் வாடை தூரத்திலேயே வந்து எதிர்கொண்டது. மூக்கைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். எதிரில் வந்த பெண்கள் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, நானும் பிடித்துக்கொள்ளவில்லை.

பேச்சியம்மாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவி, கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஆசாரி புரோச்சைத் திருப்பிப் பார்த்தார்.

"ஊசி புதுசு வச்சிரலாம். ஆனா இது புரோச்சே இல்ல டீச்சரம்மா. ஊசியைப் பொறவு ஒட்டிருக்கான். ஈயப் பத்து தெரியுது பாருங்க."

"அப்படின்னா முன்னாடி என்னவா இருந்தது?"

"ஒட்டியாணத்துக்கு நடுத்துண்டு. சந்தேகமே கெடையாது."

ஊசியை எடுத்ததும், தட்டி மடக்கி வைத்திருந்த இரண்டு சிறு வளையங்கள் தெரிந்தன. அவற்றை நிமிர்த்தி, இதில்தான் இடுப்புப் பட்டை மாட்டும் என்று ஆசாரி காட்டினார். எனக்கு ஒப்பவில்லை. அந்த வளையத்தில் நூல்தான் நுழையும், பட்டை எங்கே நுழையும். அதோடு பின்பக்கம் சின்னக் கிண்ணம்போல் குழிந்திருந்தது. இத்தனை குழிவு எந்த வயிற்றுக்கு என்று கேட்டேன்.

"மெட்ராஸ்ல சாப்பாடு அப்பிடி" என்றார் ஆசாரி, விட்டுக்கொடுக்காமல்.

ஊசியைப்போலப் பிறகு சேர்த்ததாகத் தோன்றிய முத்தையும் நீலக் கண்ணாடியையும் எடுத்துவிடச் சொன்னேன். கண்ணாடிக்கு அடியில் இரண்டு குட்டிக் கால்கள் இருந்தன. பறவையின் கால்கள், விரல் விரலாக, நகத்தோடு. அதற்கு மேலே இருந்த உடம்பை அரம் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடியைப் பதித்திருக்கிறார்கள். கெம்பு வட்டத்தின் நடுவில் ஒரு அன்னம் நின்றிருக்க வேண்டும்.

என் பார்வை பேச்சியம்மாளின் கொண்டைக்குப் போனது. "கொஞ்சம் திரும்பு பேச்சி" என்று சொல்லி, கொண்டைக்கு மேலே வைத்து அழுத்தினேன். குழிவு மண்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு வளையத்திலும் கறுப்பு நூலை விட்டு முடியோடு கட்டினேன். அசையவில்லை.

பேச்சியம்மாள் கையால் தடவிப் பார்த்தாள். "ஏங்க, இது ராக்கொடில்லா. கல்யாணப் பொண்ணு தலையில வைக்கது."

ஆசாரி சிரித்துவிட்டார். "நான் இடுப்புல தேடுதேன், அது தலையில இருக்கு." புது அன்னம் செய்து வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஊசியும் வேண்டாம் என்றேன்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மன்னியின் முகம் மாறியது.

"ராக்கொடியா? பழைய காலத்து வேலைன்னா இது. வசந்தாவுக்கு வெச்சா ஜோரா இருக்கும். கொண்டா."

"இது என்னுது மன்னி."

"உன்னுதுதான், யார் இல்லேன்னா? பின்னா இருந்தவரைக்கும் சரி. தலைல வெச்சுக்கறதுன்னு தெரிஞ்சப்பறம் உனக்கு என்னத்துக்கு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே கெம்பு, அதே முலாம். தோளில் இருந்தால் தோஷமில்லையாம், ஒரு சாண் மேலே ஏறினால் தோஷமாம். யார் மேல் கிடந்ததோ என்று விரல் நுனியால் தொட்டவள், இப்போது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"குடுக்கறதுக்கு இல்லே. வெச்சுக்கறதுக்குத்தான் வாங்கினேன்" என்றேன்.

அண்ணா பேப்பரை மடித்து வைத்தார். "வெச்சுண்டு எங்க போகப்போறே?"

"செம்பூருக்கு. வசந்தா கல்யாணத்துக்கு."

"அப்படி வரதா இருந்தா வராதே. இந்த ஆத்துக்கும் அப்பறம் வராதே."

அப்பா அம்மா இல்லாத எனக்குப் பிறந்த வீடு என்றால் அந்த மூன்றாவது மாடிதான். அது தெரிந்துதான் அண்ணா சொன்னார். அன்று இரவு அழுதேன். அழுதேன் என்பதற்காக மனசு மாறிவிட்டது என்று அர்த்தமில்லை.

கல்யாணத்தன்று எல்லாரும் விடியும் முன்பே டாக்ஸிகளில் போய்விட்டார்கள். நான் நிதானமாகத் தலை வாரி, கொண்டை போட்டு, அதன் மேல் ராக்கொடியை நூலால் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். சயான், குர்லா தாண்டினால் செம்பூர். நல்ல மரங்கள், அகலமான சாலைகள். கண்டக்டர் சீட்டுக் கொடுத்தார், சில்லறை கேட்டார். அவருக்கு என் தலையைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை.

ராக்கொடியில் ஒரு விசேஷம் உண்டு. வைத்துக்கொண்டவள் கண்ணுக்கு அது தெரியாது. பின்னால் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே மண்டபத்தில் நேராக முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் குசுகுசுப்பு கிளம்பியது.

அண்ணா குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "பின்னாடி போய் உக்காரு."

"பின்னாடி போனா யாருக்கும் தெரியாதே அண்ணா."

கெட்டிமேளம் கொட்டியது. அவர் மேடைக்கு ஓட வேண்டியிருந்தது. நான் அட்சதை போட்டேன். வசந்தா மேடையிலிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனியாமல் சிரித்தாள். சாப்பாட்டுக்கு எழுந்தபோது பின்வரிசைப் பெண் ஒருத்தி, என்னைப்போலவே பொட்டில்லாத நெற்றிக்காரி, பக்கத்தில் வந்து எங்கே வாங்கினேள் என்று மெல்லக் கேட்டாள். சோர் பஜார், வெள்ளிக்கிழமை போங்கோ என்றேன், உரக்க.

ஊருக்குக் கிளம்பும்போது அண்ணா தாதருக்கு வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. என் படுக்கையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் பிளாட்பாரத்தில் ஜன்னலோரம் நின்று, என் தலையிலிருந்த ராக்கொடியைப் பார்த்தார்.

"திருச்சிலேயும் இப்படியேதான் எறங்கப்போறியா?"

"ஆமாம்."

பம்பாயில் இதற்குப் பெரிய தைரியம் தேவைப்படவில்லை. லட்சம் பேர் போகிற வழியில் யாருக்கும் யாருடைய தலையும் கணக்கில்லை. திருச்சியில் ஜங்ஷனிலிருந்து என் வீட்டுக்குப் போவதற்குள் பத்துப் பேர் நிறுத்தி விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நாற்பது பெண்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

விசில் ஊதியது. நான் பிளாட்பாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தபோதும் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவருக்கு என் முகம்தான் தெரிந்திருக்கும்.