ஏகாம்பரத்தின் வண்டி நன்றாகவே இழுத்தது

ஏகாம்பரம் இறந்த செய்தியை அவர் மகன் கதிரவன் போனில் சொன்னபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். "சார், அப்பா தவறிட்டாருங்க. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சி" என்றான். எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று என்றான். வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனி அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்ற நினைப்புதான் முதலில் வந்தது. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு அவருக்கு நான் அஞ்சலி எழுதுவதைவிடச் சும்மா இருக்கலாம்.

அவரை அறிந்தவர்கள் கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்தவர். மலையில் மழைக்குக் கம்பி அறுந்தால் முதலில் போய் நிற்கிற ஆள். ஒல்லியான உடம்பு, முழங்கைக்கு மேல் மடித்த காக்கிச் சட்டை. வடக்கனந்தலில் எங்கள் கரும்பு நிலத்தில் அவருடைய அப்பா கூலிக்கு வந்தவர். ஏகாம்பரம் என்னைவிட இரண்டு வயது பெரியவர். நான் பள்ளிக்கூட வாத்தியார். அவர் என்னை "சார், வாங்க" என்பார். நான் அவரை "வா ஏகாம்பரம்" என்பேன். அது தவறு என்று எங்கள் இரண்டு பேருக்குமே அன்றைக்குத் தோன்றவில்லை.

அவரை நினைக்கிற எல்லோருக்கும் அவருடைய வண்டியும் நினைவுக்கு வரும். இரட்டை சிலிண்டர், இரண்டு பக்கமும் சைலன்சர், முந்நூற்றைம்பது சி.சி. அந்தக் காலத்தில் அந்த வண்டிமேல் பைத்தியமாக இருந்த ஆறேழு பேர் எங்கள் வட்டாரத்தில் இருந்தோம். அந்த வண்டியில் இரண்டு வகை உண்டு. முதலில் வந்தது எச்.டி., இழுவை அதிகம். முறுக்கினால் கையைப் பிடுங்கிக்கொண்டு பாயும். பெட்ரோலும் அப்படித்தான் குடிக்கும். ஜனங்கள் பயந்து வாங்காமல் போகவே, சீற்றத்தைக் குறைத்து, கொஞ்சம் சிக்கனமாக இன்னொன்று விட்டார்கள். அது எல்.டி., இழுவை குறைந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விவரம் தெரிந்தவன் சிலிண்டரைக் குனிந்து பார்ப்பான். எல்.டி. என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெண் பார்க்க வந்த இடத்தில் தங்கையைக் காட்டிய மாதிரி ஒரு முகம் அது.

என்னுடையது எச்.டி. அப்பா புதிதாக வாங்கித் தந்தது. ஏகாம்பரத்துடையது யாரோ ஓட்டிக் களைத்த எல்.டி. எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்த ராஜமாணிக்கம், மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் பெரிய கரும்புக்காரர், அதற்கு 'மோர் சாதம்' என்று பெயர் வைத்தார். பார்க்கும்போதெல்லாம், "இன்னா ஏகாம்பரம், மோர்சாதம் எப்பிடிக்கீது?" என்பார். ஏகாம்பரம் சிரிப்பார். ஒருமுறை மட்டும், "செரிக்குதுங்களே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜமாணிக்கத்துக்கு வரவில்லை.

அந்த வண்டியை மாற்றி எச்.டி.யாக ஆக்கிவிடலாம், ஆள் இருக்கிறது என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்ன பதில்: "எதுக்குங்க சார்? உங்க வண்டி ஓடறப்ப நீங்க வண்டியதான் பாக்கணும். என்து ஓடறப்ப நான் காட்டப் பாத்துக்கினு போவேன்." அப்போது அதை இல்லாதவன் பேச்சு என்று நினைத்தேன். பிற்பாடு ஒருநாள் அவருடைய வண்டியை வெள்ளிமலை வரை ஓட்டிப் பார்த்தேன். வளைவில் கியரை மாற்றச் சொல்லித் தொந்தரவு செய்யவில்லை. மெல்ல முறுக்கினால் மெல்ல ஏறியது. பின்னால் ஒரு ஆளும் கம்பிச் சுருளும் இருந்தால்கூட அதே மாதிரி ஏறும் என்று தெரிந்தது. என் வண்டி அந்த வளைவுகளில் ஒன்று திணறும், இல்லையென்றால் துள்ளும். இதை நான் ராஜமாணிக்கத்திடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மலை ஏறுவோம். மேலே அப்போது பெட்ரோல் பங்க் கிடையாது. கச்சிராயபாளையத்தில் நிரப்பிக்கொண்டு ஏறினால் மேலே இரண்டு இடம் சுற்றுவதற்குள் எங்கள் வண்டிகள் வறண்டுவிடும். ஏகாம்பரம் வண்டியில் மட்டும் மிச்சம் இருக்கும். அதனால்தான் அவரைக் கூப்பிட்டோம். அவருக்கு அது தெரியும். பக்கப் பெட்டியில் எங்களுக்காகவே ஒரு காலி பாட்டில் வைத்திருப்பார். தேவைப்படும்போது ஏகாம்பரம் வண்டியின் டேப்புக் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் பிடித்துக்கொள்வோம். மோர் சாதம் என்று கேலி செய்துவிட்டு அதன் டேங்க்கிலிருந்தே ஊற்றிக்கொண்டு வந்தோம். அவர் வைத்த ஒரே நிபந்தனை, "ரிசர்வ்ல மட்டும் கைய வைக்காதீங்க சார்" என்பதுதான். டேங்க்கின் அடியில் ஆபத்துக்கென்று நிற்கும் கொஞ்சம் பெட்ரோல் அது, டேப்பைத் திருப்பினால்தான் வரும்.

இனி அந்த நாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம். அருவியில் குளித்துவிட்டு, வெள்ளிமலை தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ஊரில் சாப்பிட்டோம். அங்கே சடையன் என்பவர் வீட்டில் கரண்ட் இல்லையென்று ஏகாம்பரம் பார்க்கப் போய்விட்டார். லீவு நாள்தான். இருந்தாலும் போனார். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். என் வண்டியில் பெட்ரோல் அடியில் கிடந்தது. ஏகாம்பரத்தின் வண்டி புளியமரத்தடியில் நின்றது. கேட்டால் தருவார் என்பதால் கேட்கவில்லை. குழாயைக் கழற்றினேன். அரைப் பாட்டிலோடு நின்றுவிட்டது. டேப்பை ரிசர்வுக்குத் திருப்பிப் பாட்டில் நிறையப் பிடித்தேன். போதாது என்று பயந்து இன்னொரு பாட்டிலும் பிடித்தேன். அவருடைய வண்டி பெட்ரோலை மோந்து பார்த்தாலே ஓடும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பினேன். குழாயை மாட்டினேன். டேப்பைத் திருப்பி வைக்க மறந்தேன். கிளம்பிப் போய்விட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் சடையனின் மகளைப் பாம்பு கடித்தது. செல்லி என்று பெயர். ஏழு வயது. கொல்லையில் விறகு எடுக்கப் போயிருக்கிறாள். ஏகாம்பரம் அந்த வீட்டில் ஒயரை ஒட்டிக்கொண்டிருந்தார். ஓடிவந்து வண்டியை உதைத்தார். பின்னால் சடையன், மடியில் குழந்தை. வெள்ளிமலைக்கு முந்திய ஏற்றத்தில் வண்டி திக்கியது. ஏகாம்பரம் வழக்கம்போலக் கையைக் கீழே விட்டு டேப்பை ரிசர்வுக்குத் திருப்பப் பார்த்தார். அது ஏற்கெனவே திரும்பியிருந்தது. வண்டி நின்றது. அந்த ஏற்றம் முழுக்க அவர் வண்டியைத் தள்ளினார், சடையன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடினார். மேட்டைத் தாண்டி, இறக்கத்தில் எஞ்சின் சத்தமே இல்லாமல் உருட்டிக்கொண்டு போய், கீழே போன ஒரு லாரியை நிறுத்தி ஏறியிருக்கிறார்கள். லாரி கச்சிராயபாளையம் சேருவதற்கு முன்னால் செல்லி போய்விட்டாள்.

மறுநாள் டீக்கடையில் இதுதான் பேச்சு. ராஜமாணிக்கம், "ஏத்தத்துல இழுக்கலையாமே. மட்ட வண்டிய நம்பி ஒரு உசுரு போச்சி" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் படித்தவன், வண்டி தெரிந்தவன். "எல்.டி. இழுக்காது" என்றேன். அந்த இரண்டு வார்த்தையை நான்தான் சொன்னேன். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு மலையில் அந்த வண்டிக்கு 'நின்ன வண்டி' என்று பெயர் வந்தது. அவர் நிறுத்தினால்கூட யாரும் பின்னால் ஏறவில்லை. அவருடைய மனைவி வசந்தாவைக் குழாயடியில் குத்திப் பேசினார்கள். ஒரு வருடத்துக்குள் ஏகாம்பரம் கேட்டு வாங்கிக்கொண்டு திருக்கோவிலூருக்கு மாற்றலாகிப் போனார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

சில வருடம் கழித்து ஒரு பத்திர வேலையாகத் திருக்கோவிலூர் போனபோது தாலுகா ஆபீஸ் வாசலில் அந்த வண்டியைப் பார்த்தேன். பக்கத்திலேயே அவரும் நின்றார். டீ குடிக்கக் கூப்பிட்டார். பையன் படிப்பு, என் பள்ளிக்கூடம் என்று பேசினோம். கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"டேப்பு ரிசர்வுல இருந்துச்சி சார். நான் வைக்கல."

நான் டீக்கடைக்காரரிடம் காசை நீட்டினேன்.

"நீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கடைசியா கெளம்பினது நீங்கதான். அது போவட்டும், தெரிஞ்சா எடுத்தீங்க? ஆனா எல்.டி. இழுக்காதுன்னு சொன்னீங்களாமே. அத மட்டும் சொல்லியிருக்க வேணாம் சார். வண்டி இன்னா பண்ணுச்சி, பாவம்."

அவ்வளவுதான். பிறகு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஏதோ வேலைக்குப் போனார். இதைப் பெருந்தன்மை என்று எழுதினால் எனக்கு வசதி. அது பெருந்தன்மையா, எங்கள் நிலத்தில் கூலிக்கு வந்தவரின் மகன் என்பதால் என்னை எதிர்த்து ஊரில் சொல்ல முடியாமல் போனதா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? வாத்தியார் திருடினார் என்று லைன்மேன் சொன்னால் ஊர் யார் பக்கம் நின்றிருக்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவரைத் தென்பெண்ணைக் கரையில் எரித்தார்கள். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது ராஜமாணிக்கமும் வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் கொட்டகைப் பக்கம் போய் வண்டியைக் குனிந்து பார்த்தார். "எல்.டி.தான். ஆனா உள்ள இருக்கறது நல்லா இருக்கும். பிரிச்சா ரெண்டு எச்.டி.க்கு ஆவும்" என்றார். அந்த வகை வண்டிகள் இன்றைக்கு அப்படித்தான் சாகின்றன, எச்.டி.க்கு உதிரியாக. கதிரவன் தலையாட்டினான். "எடுத்துக்குங்க சார். அம்மா இத்தப் பாக்கவே மாட்டேங்குது. பொண்ண சாவடிச்ச வண்டின்னு ஊர்ல கேட்டுக்கேட்டு அதுக்கு வெறுத்துப்போச்சி" என்றான்.

அப்போதுதான் சொன்னேன். துணிச்சல் வந்து சொல்லவில்லை. ராஜமாணிக்கத்தின் கை அந்தப் பெட்ரோல் டேப்பின் மேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வசந்தாவையும் கூப்பிட்டு, புளியமரத்தடியில் செய்ததிலிருந்து டீக்கடையில் சொன்னது வரை சொன்னேன். ராஜமாணிக்கம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வசந்தா, "எங்கிட்ட கூட சொல்லலியே அந்த மனுசன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் அழுவது கேட்டது. கதிரவன் வண்டி சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பொண்ணோட அப்பா இருக்காருங்களா?" என்றான்.

"இருக்கார்."

"அவர்ட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? வண்டிய நான் பிரிக்க வுடமாட்டேன். நீங்க போய்ட்டு வாங்க சார்" என்றான். அப்போதும் அவன் சார் என்றுதான் சொன்னான்.

போன வாரம் மலைக்குப் போனேன். சடையனுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. வாசலில் மரவள்ளிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். ஏகாம்பரம் இறந்ததைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மற்றதையும் சொன்னேன்.

"அந்த ஆளு ஒவ்வொரு ஆவணியும் வந்துடுவாரு" என்றார். "ரிட்டேர் ஆயிங்கூட வந்தாரு. இங்கதான் குந்துவாரு. பெட்ரோலு எவ்ளோ கீதுன்னு பாக்காம வண்டிய எடுத்துட்டேன், என் தப்பு, மன்னிச்சிக்கன்னு சொல்லுவாரு. நானும் ஒவ்வொரு வருசமும், ஆமாய்யா, உன் தப்புதான்னு சொல்லி அனுப்பிச்சேன். ஒரு வருசம் கூட வுட்டுக் குடுக்கல. அவரும் ஒரு வருசம் கூட இல்லன்னு சொல்லல."

பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்ப அவர்ட்ட நான் எங்க போய் சொல்றது?" என்று கேட்டார்.

அவர் என்னைத் திட்டவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

இறந்தவரிடமிருந்து தனக்கு என்ன மிஞ்சியது என்று சொல்லி முடிப்பது இப்படி எழுதுகிறவர்கள் வழக்கம். வண்டி மகனிடம் இருக்கிறது, அது இருக்கவேண்டிய இடம் அதுதான். எனக்கென்று ஏகாம்பரத்திடம் இருந்தது அந்தப் பழி ஒன்றுதான். அது என்னுடையது, இத்தனை காலம் அவர் சுமந்தார். அவரை அறிந்த நீங்கள் இனி அதை என்னிடம் கேளுங்கள். வருகிற ஆவணியில் சடையன் வீட்டு வாசலில் நான் போய் உட்காருவேன். அவர் உன் தப்புதான் என்று சொல்வார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வருவேன்.