லெம்பியின் பனிக்கட்டி வட்டங்கள்

என் பக்கத்து வீட்டு லெம்பி நீமி நாற்பது குளிர்காலமாகக் கோழிகளுக்கு ஒரே மாதிரிதான் தண்ணீர் வைத்தாள். ரப்பர் சட்டியைக் கவிழ்த்து மிதிப்பாள். உறைந்த தண்ணீர் தோசைக்கல் அளவு வட்டமாகக் கழன்று விழும். அதைக் கூண்டு வாசலில் அடுக்கிவிட்டு, சட்டியில் வெந்நீர் ஊற்றுவாள். ஒரு நாளைக்கு மூன்று வட்டம்.

"அந்தச் சிவப்புச் சூடு விளக்கு ஒண்ணு கூண்டுல மாட்டினா தண்ணி உறையாதே?" என்று ஒருமுறை கேட்டேன்.

சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கை வரை தீத்தழும்பு. "மாட்டினேன். வைக்கோல்ல விழுந்துச்சு. முப்பது கோழி. இன்னொரு தடவை விளக்குன்னு சொன்ன, சட்டியாலயே அடிப்பேன்."

போன வாரம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். கோழிகளைப் பார்த்துக்கொள்ள டெட்ராய்ட்டிலிருந்து மருமகன் கர்ட்டிஸ் வந்தான்.

"மூணு வேளையும் தண்ணி மாத்தணும்ப்பா" என்றேன்.

"அத்தைக்கு வேற வேலையில்லை" என்று சிரித்தான்.

இன்று சாயங்காலம் என் ஜன்னல் வழியே பார்த்தேன். அடுக்கில் புதிய வட்டம் ஒன்றுகூட இல்லை. சோம்பேறிப் பயல் என்று திட்டிக்கொண்டே வெந்நீர் வாளியோடு கிளம்பினேன். வடக்குக் காற்று முகத்தில் அறைந்தது.

பாதி வழியில் நின்றுவிட்டேன். கூண்டுக்குள் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது.